கொரோனா தொற்றுக்குப் பின் துறை மாறுவது சரியா?

கேள்வி:
வணக்கம். சுற்றுலா நிறுவனமொன்றின் முன்பதிவுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், 2020இல் வேலையிழந்த பின் தற்காலிகப் பணிகளிலேயே காலத்தை ஓட்டி வருகிறேன். தரவுப் பகுப்பாய்வுத் துறைக்கு மாற எண்ணுகிறேன். இந்த இடைவெளியை நேர்காணலில் எவ்வாறு விளக்குவது, முதலில் எதைக் கற்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அக்காலத்தில் பயணத்துறை முடங்கியதை ஆள் தேர்வு செய்வோர் அனைவரும் அறிவர் என்பதால், தன்விவரக் குறிப்பில் ஒரே வரியில் காரணத்தைக் குறிப்பிட்டு, தற்காலிகப் பணிகளையும் மறைக்காமல் எழுதுங்கள். எக்செல், எஸ்கியூஎல் (தரவுத்தளங்களிலிருந்து தகவலைப் பெற உதவும் மொழி) இரண்டையும் முதலில் பழகுங்கள். பைத்தான் நிரல்மொழி பிறகு வரட்டும். சான்றிதழ்களைக் குவிப்பதைவிட, முன்பதிவு ரத்துகள் எந்தப் பருவத்தில் கூடுகின்றன என்பது போன்ற, நீங்கள் நன்கறிந்த ஒரு கேள்வியைப் பொதுத் தரவைக் கொண்டு ஆராய்ந்து காட்டுவதே எடுபடும்.

மறுமொழி 2:
எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. 2021இல் பலர் தாமாகவே வேலையை விட்டு, கூடுதல் ஊதியத்தில் வேறிடம் சேர்ந்தனர்; ஆனால் 2022 இறுதியிலிருந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களே ஆட்குறைப்பில் இறங்கியதால், போட்டி கடுமையாகிவிட்டது. ஆகவே பயணத்துறையிலேயே விலை நிர்ணயம், வருவாய் மேலாண்மை (தேவையைக் கணித்து விலையை மாற்றி வருவாயைக் கூட்டும் பணி) போன்ற தரவு சார்ந்த பிரிவுகளை நாடுங்கள். அங்கே உங்கள் பழைய அனுபவமும் கணக்கில் வரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வருவாய் மேலாண்மை எனக்குத் தோன்றவேயில்லை. முழுவதும் வீட்டிலிருந்து செய்யும் பணியை மட்டும் தேடலாமா?

மறுமொழி 2:
அதை நிபந்தனையாக்கினால் வாய்ப்புகள் சுருங்கும். வாரத்தில் சில நாள் அலுவலகம் செல்லும் பணிகளுக்கும் விண்ணப்பியுங்கள். பதிவுக் கட்டணம் கேட்கும் விளம்பரங்களை அறவே தவிர்த்துவிடுங்கள்.