நெல் விளையும் ஊரில் கோதுமைக்குப் பயந்து

கும்பகோணம்

என் மகளுக்குச் சீலியாக் என்ற குடல் நோய் என்று உறுதியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அவளுக்குக் கிடைத்த பட்டம் ‘சவலை’. பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக், முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தில் டிடிஜி, அதாவது இந்த நோயில் ஏறுகிற எதிர்ப்பொருள், பார்க்கச் சொன்னார், எகிறியிருந்தது. பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் குடலைக் கெடுக்கிறது, மூன்றும் ஆயுளுக்கும் ஆகாது என்றார்கள். “இவ்வளவுதானா? நாம் என்ன பஞ்சாபிலா இருக்கிறோம், மூன்று வேளையும் அரிசிதானே” என்று என் மாமியார் சிரித்துவிட்டார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

சென்ற பொங்கலுக்கு என் தம்பி பெங்களூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினான். ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே உறைய வைத்த நான்கு டப்பாக்கள்: இரண்டு பாஸ்தா, இரண்டு காய்கறிக் கட்லெட். அட்டையில் பெரிய பச்சை எழுத்தில் ‘குளூட்டன் ஃப்ரீ’. மற்றப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்தால் எழுந்து போய்விடுகிற பெண், போகியன்று இரவு ஒரு டப்பா பாஸ்தாவைத் தனியாளாகத் தீர்த்து, விரலால் வழித்தும் தின்றாள். எட்டு மணிக்குச் சாப்பிட்டவள் பத்தரைக்கு வாந்தி எடுத்தாள். வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை. மாட்டுப் பொங்கலன்று தெருப்பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்திக்கொண்டு போனதைப் படுத்தபடியே கேட்டாள்.

குப்பைக் கூடையிலிருந்து அட்டையை எடுத்தேன். ஈரத்தில் ஊறி மடிந்து கிடந்தது. விளக்கடியில் பிரித்துப் பார்த்தால், சூடாக்கும் முறைக்கும் பார்கோடுக்கும் இடையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: கோதுமையும் கையாளப்படும் ஆலையில் தயாரிக்கப்பட்டது. முன்பக்கம் ஒரு பேச்சு, பின்பக்கம் ஒரு பேச்சு. நிறுவனத்துக்கு எழுதினேன். டப்பாவின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கேட்டார்கள், கொடுத்தேன். அந்தத் தொகுதியின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டேன். அதோடு சத்தத்தைக் காணோம். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மன்னார்குடி

நடந்திருக்கும் அக்கா. நான் மறுபக்கத்தில் இருந்தவன். வெளிமாநிலத்தில் உறைநிலை உணவு ஆலை ஒன்றில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். காலை ஷிப்டில் பரோட்டா, இரவு ஷிப்டில் அரிசிக் கொழுக்கட்டை. இடையில் கழுவுவோம், குறை சொல்ல முடியாதபடிதான் கழுவுவோம். ஆனால் கன்வேயர் பெல்ட்டின் இணைப்புகளில் பிசைந்த மைதா போய் அடைந்திருக்கும். தண்ணீருக்கு மசியாது, குச்சி வைத்து நோண்ட வேண்டும். விசிறியிலும் விளக்கிலும் படிந்த மாவு எப்போது எதன்மேல் இறங்கும் என்று யார் கண்டார்கள்? மாலையில் குளிக்கும்போது காதுமடலைத் தேய்த்தால் விரலில் வெள்ளையாக வரும். உறைய வைத்தால் போய்விடாதா, சூடாக்கினால் போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கிருமி என்றால் கொதியில் சாகும். இது புரதம். எத்தனை தரம் கொதித்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்றால் பூஜ்யம் என்று பொருள் இல்லை. நம் நாட்டு விதியும் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியும் சொல்வது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான். நம் வயல் கணக்கில் சொல்கிறேன்: ஆயிரம் நெல்லின் எடை ரகத்துக்கு ஏற்ப 15 முதல் 25 கிராம். ஆக ஒரு நெல் சுமார் 20 மில்லிகிராம். ஒரு கிலோ உணவில் ஒரே ஒரு நெல் எடைக்குக் குளூட்டன் இருக்கலாம், அவ்வளவுதான் அனுமதி. 300 கிராம் டப்பா அந்த வரம்பின் உச்சியில் இருந்தாலும் 6 மில்லிகிராம். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவார்கள் என்பது கணக்கு. ஒரு டப்பாவுக்கே உங்கள் மகள் இந்தப் பாடு பட்டிருக்கிறாள் என்றால் அது 20-ல் நின்றிருக்காது என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எவரையும் பிடிக்க முடியாது. அதே தொகுதி எண்ணில் பிரிக்காத டப்பா இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எலைசா முறையில் குளூட்டனை அளந்து சொல்லும் உணவுச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

மயிலாடுதுறை

எங்கள் கதையில் டப்பாவின் மேல் குற்றமே இல்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பையனுக்காக அதே மாதிரி உறைந்த கட்லெட் கொண்டு போயிருந்தோம். சமையல் மாஸ்டர் தங்கமான மனிதர். “பிள்ளைக்குத்தானே, கொடுங்கள்” என்று வாங்கிப் பொரித்துக் கொடுத்தார். மைதா தோய்த்த காலிஃபிளவர் பொரித்த அதே எண்ணெயில். பையன் தின்று முடித்த பிறகுதான் எனக்கு அந்த வாணலி கண்ணில் பட்டது. இப்போது எங்கே போனாலும் ஒரு சின்ன வாணலி எங்கள் பையில் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

திருவையாறு

ஆலையைத் திட்டியாயிற்று, மாஸ்டரையும் சொல்லியாயிற்று. உன் அடுக்களையைப் பார்த்தாயா அம்மா?

எனக்கு இந்த வியாதி இருப்பது 52 வயதில்தான் தெரிந்தது. கோதுமையை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் சம்பா ரவை உப்புமா சாப்பிட்டேன். சம்பா என்றால் நமக்கு நெல்தானே? அது சம்பா கோதுமை. மருமகள் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டியபோது எனக்கு என்மேலேயே கோபம். எங்கள் ஊர் அசோகா அல்வா பாசிப்பருப்பில் செய்வதுதானே என்று தின்றேன். அதிலும் கோதுமை மாவோ மைதாவோ வறுத்துச் சேர்ப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. இத்தனைக்கும் வருடா வருடம் தீபாவளிக்கு நானே கிண்டியவள்.

கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவையும் திருப்பிப் பார். கோந்தும் மாவும் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை.

எல்லாவற்றுக்கும் மேலே மாவு மில். இடியாப்ப மாவுக்கு அரிசி கொண்டு போனால் எனக்கு முன்னால் நிற்பவள் சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துக்கொண்டு போவாள். மில்காரர் குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என் அரிசியைக் கொட்டுவார். முதலில் விழுகிற மாவு பழுப்பாக இருக்கும், பார்த்திருப்பாய். இப்போது வீட்டிலேயே அரிசியை ஊறவைத்து உலர்த்தி மிக்சியில் அரைத்துக்கொள்கிறேன். சல்லடையும் புதிது, பழையதில் எத்தனை வருடத்துக் கோதுமை இருக்கிறதோ.

கும்பகோணம்

திருவையாற்று அம்மா, பெருங்காய டப்பாவைத் திருப்பினேன். கோதுமை மாவு என்று இருக்கிறது, அதுவும் பெருங்காயத்துக்கு முன்னால். எடை அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பதால் எது கூடுதல் என்று விளங்கிவிட்டது. மூன்று ஆண்டாக ரசத்தில், சாம்பாரில், மோரில். மாவும் தெருக்கோடி மில்லில் அரைத்ததுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் டிடிஜி பாதிக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. “வெளியில் ஏதாவது சாப்பிடுகிறாளா?” என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இனி அந்த அறைக்குள் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

அதற்காக அந்தப் பெட்டியை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ரசத்தில் போட்ட ஒரு சிட்டிகையால் போகி இரவின் வாந்தி வந்தது என்றால் நான் நம்ப மாட்டேன். இரண்டாவது பாஸ்தா டப்பா ஃபிரீசரில் பிரிக்காமல் இருக்கிறது, அதே தொகுதி எண். மன்னார்குடித் தம்பி சொன்னபடி சோதனைக்கூடத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் கரண்ட் போகும்போதெல்லாம் அதன்மேல் துணியைச் சுற்றி வைக்கிறேன்.

மாமியார் இப்போது பெருங்காயம் இல்லாமல் ரசம் வைக்கிறார். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, “வெந்நீர்” என்றார். மறுநாள் இன்னும் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டார்.