வருமானம் இல்லாதவருக்கு மருத்துவ அலட்சிய இழப்பீடு: எப்படிக் கணக்கிடுவார்கள்?

கேள்வி: வீட்டை நிர்வகிக்கும் 45 வயதுப் பெண். அறுவை சிகிச்சைத் தவறால் நடக்க முடியவில்லை. "சம்பளமே இல்லையே" என்கிறது எதிர்த்தரப்பு. என்ன செய்யலாம்?

பதில் 1: எடுபடாது. உச்ச நீதிமன்றத்தின் லதா வாத்வா தீர்ப்பு (2001) வீட்டுவேலைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது. பழைய தொகை அது, அதிலேயே நின்றுவிடாதீர்கள். சமையலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் வைத்தால் ஆகும் உள்ளூர்க் கூலியைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டுங்கள்.

பதில் 2: பெரிய தொகை எதிர்காலச் சிகிச்சையில்தான். எழும்பூரில் குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை தவறிய வழக்கில், 2015-ல் உச்ச நீதிமன்றம் தந்தது சுமார் 1.8 கோடி. குழந்தைக்கு ஏது சம்பளம்? விலைவாசி உயர்வையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். மோட்டார் விபத்துப் பெருக்கி முறையை (ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது) அப்படியே பொருத்த முடியாது என்று குணால் சாஹா வழக்கு (2013) சொல்கிறது.

பதில் 3: நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடக் கெடு. துணையாளுக்குக் கொடுத்த கூலிக்கும் ரசீது வாங்குங்கள், முதலில் வெட்டுப்படுவது அதுதான்.