புதுப்பிப்பு: விண்மீன் வரைபடம் சரியாகிவிட்டது

விண்வெளிப் போர் விளையாட்டுக்காக, சூரியனிலிருந்து 12 ஒளியாண்டுக்குள் உள்ள விண்மீன்களின் இடங்களை விரிதாளில் கணக்கிட்டால் எல்லாமே ஒரு ஓரத்தில் கேக் துண்டு மாதிரி குவிகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

“வல ஏற்றம் மணியில் இருக்கிறதா என்று பாருங்கள்” என்றவர்தான் சரி. வல ஏற்றம் என்பது வானில் விண்மீனின் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் கோணம்; முழுச் சுற்றை 24 மணியாகப் பிரித்து எழுதுவார்கள். 24 மணியை அப்படியே 24 பாகையாக எடுத்திருக்கிறேன்! 15ஆல் பெருக்கியதும் விண்மீன்கள் சுற்றிலும் பரவின. விரிதாள் கேட்கும் கோண அலகான ரேடியனாக மாற்றுவதை முன்பே செய்திருந்தேன். அதை விட்டவர்களுக்கு வேறு மாதிரி குழப்பம் வரும்.

அடுத்தது, முப்பரிமாண வெளியைத் தட்டையான தாளில் கொண்டுவரும் சிக்கல். உயரத்தை (தாளின் தளத்துக்கு மேலோ கீழோ உள்ள தூரத்தை) விட்டுவிட்டால் 4.37 ஒளியாண்டில் உள்ள ஆல்ஃபா சென்டாரி வெறும் 2.1இல் வந்து நிற்கிறது. சிரியஸுக்கும் புரோசியானுக்கும் இடையே உண்மையில் 5.2 ஒளியாண்டு, தாளில் 3.9. அதனால் அறுகோணக் கட்டத்தில் இடத்தை மட்டும் குறித்து, உயரத்தைப் பக்கத்தில் எண்ணாக எழுதினேன். விளையாட்டில் கப்பல்கள் விண்மீனுக்கு விண்மீன் தாவும் தூரத்துக்குத் தனி அட்டவணை. இதுவும் இங்கே கிடைத்த யோசனைதான்.

எதிர்பாராத ஒன்று: கையா விண்கலம் அளந்த விண்மீன் தொகுப்பில் சிரியஸ், ஆல்ஃபா சென்டாரி போன்ற பிரகாசமான விண்மீன்களே இல்லை. அந்தக் கருவிக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது. அவற்றை, அதற்கு முந்தைய விண்கலமான ஹிப்பார்க்கோஸின் பட்டியலில் எடுத்தேன்.

திருவல்லிக்கேணியில் ஃப்ளெக்ஸில் அச்சடித்தாயிற்று. கல்யாண பேனர்களுக்கு நடுவே இதைப் பார்த்த கடைக்காரர், “ஜாதகமா சார்?” என்றார்.