சென்னை – தனுஷ்கோடி காரில்: பறவை, மான் பார்க்க எங்கே எத்தனை நாள்?

வேளச்சேரி மீனா:
வணக்கம். பொங்கல் கழிந்து ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. நான், கணவர், ஒன்பது வயது மகன், என் அம்மா என நான்கு பேர். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகத் தனுஷ்கோடி வரை காரில் போக எண்ணம். மகனுக்குப் பறவை என்றால் உயிர். போன வருடம் வேடந்தாங்கல் கூட்டிப்போனதிலிருந்து நோட்டு போட்டு, பார்த்த பறவையின் பெயரையெல்லாம் எழுதி வைக்கிறான். அம்மாவுக்கு முட்டிவலி, அதிகம் நடக்க முடியாது. கடலைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டும் என்பது கணவரின் ஆசை.

முதல் நாள் புதுச்சேரி. இரண்டாம் நாள் பிச்சாவரம் பார்த்துவிட்டு வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் கோடியக்கரையை எட்டிப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம். அங்கே ஒரு நாள், பிறகு திரும்புதல். இது சரிவருமா?

கடலூர் கார்த்தி:
புதுச்சேரிக்கு முன்னாலேயே மரக்காணத்தில் நிறுத்துங்கள். சாலையை ஒட்டிய உப்பளங்களுக்குத் தெற்கே கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் இடம். 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதிகாலையில் சென்னையை விட்டால் வெயில் ஏறுவதற்குள் அங்கே இருக்கலாம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் சத்தத்துக்குப் பறவை நிற்காது.

தோப்புத்துறை வாத்தியார்:
மீனா, நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. உங்கள் திட்டத்தில் எனக்கு மனசு ஒப்பாத இடம் மூன்றாம் நாள்தான். கோடியக்கரை எட்டிப் பார்க்கிற ஊர் இல்லை அம்மா. அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் காலையில் முதல் இரண்டு மணி நேரம், மாலையில் கடைசி இரண்டு மணி நேரம். வேளாங்கண்ணியில் சாப்பிட்டுவிட்டு மதியம் வந்து இறங்கினால் வெயிலும் வெட்டவெளியும்தான் மிஞ்சும். வேதாரண்யத்தில் இரண்டு இரவு தங்குங்கள். கோடியக்கரை அங்கிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான்.

கணவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஈசிஆர் என்று பெயர் இருந்தாலும் வழி நெடுகக் கடல் தெரியாது. பெரும்பாலும் சவுக்குத்தோப்பு, தென்னை, உப்பளம், ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்கள். ஆனால் பறவை இருப்பதும் அங்கேதான். இரண்டு பக்கமும் கடல் வேண்டுமென்றால் அதற்குத் தனுஷ்கோடி இருக்கிறது.

அம்மாவை நினைத்துக் கவலை வேண்டாம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலை அகத்தியம்பள்ளி உப்பளங்களின் நடுவே போகிறது. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம், நினைவுத்தூண் இருக்கிறது. அந்தச் சாலையில் வண்டியை ஓரம் கட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். உள்ளான், ஆலா, நெடுங்கால் உள்ளான், பருவம் நன்றாக இருந்தால் பூநாரை. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்பதைப் பையனுக்குக் காட்டுங்கள். பைனாகுலர் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள்.

சரி, மான். 1967-இல் கோடியக்கரை சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான். தமிழ்நாட்டில் கிண்டி, வல்லநாடு, சத்தியமங்கலம் என்று சில இடங்களில்தான் வெளிமான் மிச்சம். வளர்ந்த ஆண் மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு திருகியிருக்கும். பெண்ணும் குட்டியும் மணல் நிறம். மாலை வெயில் சாயும்போது புல்வெளியில் ஆண் தலையை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து நடந்து வரும். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு இன்றும் மூச்சு ஒரு நொடி நிற்கிறது. குதிரைகளும் கண்ணில் படும். ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்து, பிறகு காட்டோடு போனவை. அழகுதான், ஆனால் மானுக்கான புல்லிலும் நல்ல தண்ணீரிலும் அவை பங்கு கேட்கின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியது. காட்டில் மரங்கள் முறிந்து விழுந்தன, மான்கள் பல செத்தன. மறுவாரம் நான் போய்ப் பார்த்தபோது குரங்குகள் நிழல் தேடி அலைந்துகொண்டிருந்தன. இப்போது பச்சை திரும்பியிருக்கிறது. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: வண்டியை விட்டு இறங்கி மானைத் துரத்தாதீர்கள். ஒரு முறை வேன் நிறைய வந்தவர்கள் போட்டோவுக்காக ஓட, கூட்டத்திலிருந்து பிரிந்த குட்டி ஒன்று வெகுநேரம் தனியாக நின்றது. அதை என்னால் மறக்க முடியவில்லை. குரங்குக்கும் பிஸ்கட் போட வேண்டாம்.

வேளச்சேரி மீனா:
சார், படித்துவிட்டு அம்மா உடனே "வேளாங்கண்ணியில் தங்காமல் கும்பிட்டுவிட்டு நேரே வேதாரண்யம் போய்விடலாம்" என்று சொல்லிவிட்டார். அப்போது ராமேஸ்வரத்துக்கு ஒரு நாள்தான் மிஞ்சுகிறது. புதுச்சேரியை விட்டுவிடலாமா? முத்துப்பேட்டை அலையாத்திக்காடும் (கடலோரச் சேற்றில் வளரும் சதுப்புநிலக் காடு) வேண்டும் என்கிறான் மகன்.

தோப்புத்துறை வாத்தியார்:
புதுச்சேரியைத் தாராளமாக விடுங்கள், சென்னையிலிருந்து எந்த வாரக்கடைசியிலும் போகலாம். முதல் நாளே கழுவெளி பார்த்துவிட்டுச் சிதம்பரத்தில் தங்கினால், மறுநாள் காலை பிச்சாவரம், மாலைக்குள் வேதாரண்யம். முத்துப்பேட்டையில் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஜாம்பவானோடையிலிருந்து படகில் போக வேண்டும். அதற்கே அரை நாள் ஆகும். அப்படிச் செய்தால் அன்று ராமேஸ்வரம் சேர இரவாகிவிடும். இந்தத் தடவை அதை விட்டுவிட்டு, தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் படகேறுங்கள். அதுவும் அலையாத்திதான், வழியிலேயே இருக்கிறது.

ராமநாதபுரம் செல்வி:
தனுஷ்கோடிக்குக் காலையில் போங்கள் அக்கா. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு பகலில் வண்டிக் கூட்டம் அதிகம். கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீரில்தான் பூநாரைகள் நிற்கும். 2025-இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். கடற்கரையில் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தால் பையன் கலங்கிவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள். பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம் ஜனவரி. வலையில் சிக்கிச் சாகிறவையும் உண்டு.

வேளச்சேரி மீனா:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வேதாரண்யத்தில் இரண்டு இரவு அறை போட்டுவிட்டேன். நோட்டில் "வெளிமான்" என்று எழுதிப் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறான், பார்த்ததும் டிக் அடிக்க. திரும்பி வந்து இங்கேயே எழுதுகிறேன்.