டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) அப்டேட் பதிவாகவே இல்லை: உங்கள் மனதில் நிற்கும் ஒரு கேஸ்?

இரவுஷிஃப்ட்:
பிரிண்ட் சர்வரின் ஓஎஸ் போய்விட்டது. ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் அக்கவுண்டுகள் இருக்கும் இடம்) பழைய கம்ப்யூட்டர் அக்கவுண்டை அழித்து, அதே பெயரில் புதிதாக நிறுவி டொமைனில் சேர்த்தோம். ஐபி மட்டும் வேறு. டிஎன்எஸ்-இல் பழைய ஐபியே அசையாமல் நின்றது. சர்வர் தன் பெயரையும் ஐபியையும் டிஎன்எஸ்-இல் பதிவு செய்ய ஐபிகான்ஃபிக் ரெஜிஸ்டர்டிஎன்எஸ் கட்டளையைக் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது, ஈவென்ட் லாகில் மட்டும் அப்டேட் மறுக்கப்பட்டதாக வருகிறது.

சீனியர் ஒருவர், “ஸோனில் செக்யூர் ஒன்லி என்பதை எடுத்துவிடு, சரியாகிவிடும்” என்றார். ஸோன் என்பது ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் தொகுப்பு; செக்யூர் ஒன்லி என்றால் அடையாளம் உறுதியான அக்கவுண்டுகள் மட்டுமே அதில் எழுதலாம். சரியாகியிருக்கும், உண்மைதான். ஆனால் அதன்பிறகு நெட்வொர்க்கில் நுழையும் எந்த லேப்டாப்பும் எங்கள் சர்வர் பெயரில் தன் ஐபியை எழுதிக்கொள்ளலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அந்த ரெக்கார்டின் செக்யூரிட்டி டேபைத் திறந்தேன். எழுதும் அனுமதி இருந்த இடத்தில் பெயரே இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும். அழிக்கப்பட்ட பழைய அக்கவுண்டின் எஸ்ஐடி (ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்) அது. பெயர் ஒன்றானாலும் புதிய அக்கவுண்டுக்கு எஸ்ஐடி வேறு, அதனால் தன் பெயரிலிருக்கும் ரெக்கார்டையே அதனால் தொட முடியவில்லை. ரெக்கார்டை அழித்துவிட்டு மறுபடி ரெஜிஸ்டர் செய்ததும் புதிய ஐபி வந்துவிட்டது. அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பைண்ட்பக்கம்:
எங்களுடையது உபுண்டு லினக்ஸ், டிஎன்எஸ் சர்வர் மென்பொருள் பைண்ட் 9. அப்டேட் அனுப்பும் என்எஸ்அப்டேட் கட்டளையைப் போட்டால் சர்வ்ஃபெயில், அதாவது சர்வர் பக்கம் தோல்வி. லாகில், ஜர்னல் கோப்பை (வரும் அப்டேட்டுகளைக் குறித்து வைப்பது) உருவாக்க பெர்மிஷன் இல்லை என்று ஒரு வரி. உடனே ஒருவர் டைரக்டரிக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தார். அதற்கும் அசையவில்லை. கெர்னல் லாகைக் காட்டும் டிமெஸ்ஜி-யில் பார்த்தால் ஆப்ஆர்மர் (எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துவது), டினைடு. உபுண்டுவின் ஆப்ஆர்மர் புரொஃபைலில் எட்ஸிக்குள் இருக்கும் பைண்ட் டைரக்டரி படிக்க மட்டும்தான், எவ்வளவு பெர்மிஷன் கொடுத்தாலும் பயனில்லை. டைனமிக் ஸோன் (அப்டேட்டுகளை ஏற்கும் ஸோன்) கோப்பு வார்-லிப் கீழே உள்ள பைண்ட் டைரக்டரியில்தான் இருக்க வேண்டும். அங்கே நகர்த்தியதும் ஓடியது.

தயவுசெய்து 777 கொடுக்காதீர்கள். டைனமிக் ஸோன் கோப்பை ஆர்என்டிசி ஃப்ரீஸ் போட்டு அப்டேட்டுகளை நிறுத்தாமல் கையால் திருத்தவும் செய்யாதீர்கள். ஜர்னலும் ஸோனும் பொருந்தாமல் போய் ஸோனே லோட் ஆகாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

டொமைன்தாத்தா:
இரவுஷிஃப்ட் தம்பி, ரெக்கார்டை அழித்தது தற்காலிக வைத்தியம்தான். வேரைப் பிடிக்கவில்லை. எங்களிடமும் இதே பிரச்சினை வந்தது, காரணம் டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி வழங்கும் சேவை).

கேளுங்கள். டிஹெச்சிபி சர்வர் கிளையன்டுக்காக ரெக்கார்டு எழுதினால் அதன் உரிமை டிஹெச்சிபி சர்வரின் அக்கவுண்டுக்குப் போகும். நாளை அந்த சர்வரை மாற்றினால் புதியது பழைய ரெக்கார்டுகளைத் தொட முடியாது. இதற்காகச் சிலர் டிஎன்எஸ்அப்டேட்ப்ராக்ஸி குரூப்பில் டிஹெச்சிபி சர்வரைச் சேர்ப்பார்கள். அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் எழுதும் ரெக்கார்டுக்குப் பாதுகாப்பே இருக்காது, அடுத்து வருகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். டிஹெச்சிபியும் டொமைன் கண்ட்ரோலரும் (ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்) ஒரே பெட்டியில் என்றால் டொமைன் கண்ட்ரோலரின் சொந்த ரெக்கார்டுகளுக்கும் அதே கதிதான். முறையான வழி, சாதாரண டொமைன் யூசர் ஒன்றை இதற்கென்றே உருவாக்கி, டிஹெச்சிபி சர்வர்கள் எல்லாவற்றிலும் டிஎன்எஸ் கிரெடென்ஷியலாக, அதாவது ரெக்கார்டு எழுதும்போது காட்டும் அடையாளமாக, கொடுப்பது. அந்தப் பாஸ்வேர்டு காலாவதியானால் எல்லா அப்டேட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும் என்பதையும் எழுதி வையுங்கள். அப்புறம் ஸ்கேவெஞ்சிங், அதாவது பழைய ரெக்கார்டுகளைத் தானாக அழிப்பது. நோ-ரெஃப்ரெஷ் (ரெக்கார்டின் நேரமுத்திரையைப் புதுப்பிக்க முடியாத காலம்) 7 நாள், ரெஃப்ரெஷ் (புதுப்பிக்கக்கூடிய காலம்) 7 நாள் என்பதுதான் டீஃபால்ட். டிஹெச்சிபி லீஸ் காலத்தோடு (ஒரு ஐபி ஒரு கணினிக்குக் கொடுக்கப்படும் கால அளவு) ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை ஆன் செய்யவே கூடாது.

இரவுஷிஃப்ட்:
ஐயா, என் சர்வருக்கு ஸ்டாட்டிக் ஐபி. டிஹெச்சிபி இதில் வரவே இல்லை. எஸ்ஐடி மாறியதுதான் வேர், அதைத்தான் எடுத்தேன். கிரெடென்ஷியல் விஷயம் கிளையன்ட் பிசிக்களுக்குப் பொருந்தும், அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

ரிவர்ஸ்ஸோன்:
எனக்குத் தூக்கம் போன விஷயம் ஃபயர்வால் லாகில் வந்தது. உள்ளே இருக்கும் விண்டோஸ் சர்வர்கள் எல்லாம் வெளியே 192.175.48.1-க்கு, டிஎன்எஸ்-க்கான போர்ட் 53-இல், தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன. பெயரைத் தேடினால் ப்ரிசனர் டாட் ஐயானா டாட் ஆர்க். செக்யூரிட்டி ஆட்கள் ஓடி வந்து, “ஹேக் ஆகிவிட்டதா?” என்று கேட்டபோது அறையே அமைதியாகிவிட்டது.

ஹேக் இல்லை. எங்கள் சர்வர்கள் 10 தொடர் ஐபியில் இருந்தன, ஆனால் உள் டிஎன்எஸ்-இல் ரிவர்ஸ் ஸோனே (ஐபிக்குப் பெயரைச் சொல்லும் ஸோன்) கிடையாது. அதில் இருக்க வேண்டிய பிடிஆர் ரெக்கார்டை எழுத வேண்டுமானால் அந்த ஸோனின் பிரைமரி (முதன்மை சர்வர்) யாரென்று எஸ்ஓஏவை, அதாவது ஸோனின் தலைப்பு ரெக்கார்டைக் கேட்டுத்தானே சர்வர் போகும்? உள்ளே ஸோன் இல்லாததால் கேள்வி இணையத்துக்குப் போனது. பிரைவேட் ஐபிகளின் ரிவர்ஸ் கேள்விகளை வாங்கிக்கொள்ள ஏஎஸ்112 என்ற ஏற்பாடு இருக்கிறது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அங்கே எஸ்ஓஏவில் பிரைமரி என்று இருப்பது இந்த ப்ரிசனர் பெயர்தான். அதனால் அப்டேட் நேராக அங்கே போனது. யாரோ முகம் தெரியாதவர்கள் நம் குப்பையை அள்ளுவதற்கு இப்படி ஒரு வலையமைப்பையே கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது என்னை ரொம்பவே தொட்டது. 10.இன்-ஆடர்.ஆர்பா ஸோனை உள்ளே உருவாக்கினோம், லாக் அடங்கியது.

கடிகாரம்:
பைண்ட்பக்கம் சொல்வதைப் படித்தால் லினக்ஸில் எல்லாமே பெர்மிஷன் பிரச்சினை என்று தோன்றும். அப்படி இல்லை. எங்கள் கேஸில் பெர்மிஷன் எல்லாம் சரி, அப்டேட்டில் கையெழுத்திடும் டிசிக் கீயும் இரண்டு பக்கமும் ஒன்றே, ஆனாலும் நாட்ஆத் என்ற மறுப்பு. எல்லோரும் கீயையே மாற்றி மாற்றி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். டிஎன்எஸ் சர்வர் லாகை முழுதாகப் படித்தால் வரியின் கடைசியில் பேட்டைம், அதாவது நேரம் பொருந்தவில்லை.

இரண்டு டெர்மினலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரத்தைக் காட்டும் டேட் கட்டளையை அடித்தேன். ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட விஎம்மின் (மெய்நிகர் கணினி) கடிகாரம் பின்தங்கி இருந்தது. டிசிக்கில் வழக்கமான அனுமதி 300 வினாடிதான், அதைத் தாண்டினால் கையெழுத்து சரியாக இருந்தாலும் செல்லாது. விண்டோஸ் பக்கம் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸுக்கும் அதே 5 நிமிடம். விஎம்மில் நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நின்றுபோயிருந்தது. அதை ஓட விட்டதும் முதல் அப்டேட்டே போய்விட்டது. கீயை மாற்றுமுன் டேட் அடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும்.