புதுப்பிப்பு: சாலமங்கா போய்விட்டு பினாங்கு திரும்பியாச்சு

ஸ்பானிஷ் படிக்கக் கோடையில் ஸ்பெயினில் உள்ள சாலமங்கா போகலாமா, பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருந்தபடியே இணையத்தில் படித்தால் போதாதா என்று மே மாதம் கேட்டிருந்தேன். நான்கு வாரம் போய்விட்டு வந்துவிட்டேன். விசா பயம் வேண்டாம்; 90 நாளுக்குள் என்றால் மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை.

முதல் வாரம் ஊமை வாழ்க்கைதான். தங்கிய வீட்டு அம்மா இரவு பத்து மணிக்குத்தான் சாப்பாடு போடுவார். பசியில் பேச்சு தானாக வந்தது. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். ர, ற பழகிய நாக்குக்கு இதெல்லாம் சுலபம். 'மேசா' நம் மேசையேதான்! ஒரே ஏமாற்றம், வகுப்பு இடைவேளையில் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவியது. அப்புறம் நான் சந்தைப் பக்கம் ஒதுங்கிவிட்டேன், அங்கேதான் நிஜ வகுப்பு.

நேற்று லிட்டில் இந்தியாவில் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) வாங்கி, நன்றி என்பதற்கு ஸ்பானிஷில் 'கிராசியாஸ்' என்றேன். கடை அண்ணன் முறைத்தார்: "என்ன தம்பி?"