ஆறு நைட்டும் சாண்டோரினியா, இல்ல நக்சோஸும் சேத்துக்கலாமா?

மைன்நதிக்கரை:
வணக்கம் மக்களே, செப்டம்பர் கடைசில ஃபிராங்க்ஃபர்ட்லேர்ந்து கிரீஸ் போறோம், நான், வீட்டுக்காரர், ஏழு வயசு பையன், ஊர்லேர்ந்து ஷெங்கன் விசால வந்திருக்கற எங்கம்மா. ஆறு நைட். சாண்டோரினி தீவுல இருக்கற ஓயா ஊரு போட்டோல்லாம் பாத்துட்டு மொத்தத்தையும் அந்தத் தீவுலயே போட்டுடலாம்னுதான் நெனச்சேன், ஆனா கடல பாத்த ரூமெல்லாம் என்ன விலை! அதான் நக்சோஸ் தீவையும் சேத்துக்கலாமான்னு கேக்கறேன். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஆகாது, சுத்த சைவம், முட்டையும் கெடையாது. பையனுக்கு மணல் இருந்தா போதும். 2025ல அங்க நிலநடுக்கம் வந்ததால அதுவும் ஒரு யோசனை. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தீவுப்பித்தன்:
சிஸ்டர், ஆறு நைட்டும் சாண்டோரினி வேணாம், நாலு நக்சோஸ், ரெண்டு சாண்டோரினி போடுங்க. நீங்க போட்டோல பாத்த ஓயா, ஃபிரா எல்லாமே எரிமலை வெடிச்சு உள்ள எறங்கின பள்ளத்தோட விளிம்புல செங்குத்தா தொங்கற ஊருங்க, அங்க ரூம் எடுத்தா ரிசப்ஷன்லேர்ந்து கட்டிலுக்குப் போகவே படி எறங்கணும், முட்டி வலிக்காரங்கள அங்க தங்க வைக்கவே கூடாது. நக்சோஸ்ல துறைமுக ஊர ஒட்டியே ஆகியோஸ் யோர்கியோஸ்னு ஒரு பீச், நடந்தே போயிடலாம், ரொம்ப தூரத்துக்கு ஆழமே இருக்காது, பையனுக்கு அதுதான் சொர்க்கம். இன்னும் நல்ல மணல் வேணும்னா பஸ் புடிச்சு ஆகியோஸ் புரொகோபியோஸ், பிளாக்கா போங்க. சாயங்காலம் போர்தாரா, கி.மு. 6ம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு முடிக்காமலே விட்ட கோயிலோட பளிங்கு வாசல், அது மட்டும் கடலோரத்துல தனியா நிக்குது. சூரியன் எறங்கற நேரத்துக்கு அம்மாவ அங்க கூட்டிட்டுப் போங்க, ஓயால தோளோட தோள் இடிச்சு நின்னு பாக்கறத விட அவங்களுக்கு எவ்வளவோ மேல். பாதையில கொஞ்சம் ஏத்தம் இருக்கு, காத்தும் பலமா அடிக்கும், கைய புடிச்சு மெதுவா போங்க.

அப்புறம் நக்சோஸ் வெறும் பீச் இல்ல, அது விவசாய பூமி, உருளைக்கிழங்கும் கிராவியேரா சீஸும் அங்க ஃபேமஸ். ஒரு நாள் கார் எடுத்து உள்ள இருக்கற ஹால்கி கிராமம் வரைக்கும் ஆலிவ் தோப்பு வழியா போங்க, தூரமே இல்ல. ஓட்டறவர் இந்திய லைசென்ஸ்காரர்னா இன்டர்நேஷனல் பர்மிட் கையில இருக்கணும்.

கருங்கடற்கரை:
மேல சொன்னதுல முக்காவாசி சரி, ஆனா சாண்டோரினிய ரெண்டு நைட்ல முடிக்கறது அநியாயம், மூணாவது வேணும், காரணம் அக்ரோதிரி. சுமார் 3600 வருஷம் முன்னாடி எரிமலை சாம்பல்ல மூடிப்போன ஊரு, ரெண்டு மாடி வீடு, தெருவுக்கு அடியில சாக்கடை, பெரிய பெரிய ஜாடிங்க எல்லாம் அப்படியே நிக்குது, ஆனா ஒரு மனுஷ எலும்பும் கெடைக்கல, முன்கூட்டியே கெளம்பிட்டாங்கன்னு சொல்றாங்க. மேல கூரை போட்டிருக்கு, வெயில் படாது, அம்மாவும் மெதுவா சுத்திப் பாக்கலாம். அங்க எடுத்த சுவரோவியத்துல நீலக் குரங்கு படம் ஃபிரா மியூசியத்துல இருக்கு, பையனுக்குக் கண்டிப்பா காட்டுங்க. தங்கறதுக்கு காமாரி இல்லனா பெரீசா, ரெண்டும் கிழக்குப் பக்கம், தரை சமம், விலையும் கம்மி. ரூம் வாடகைக்கு மேல நைட்டுக்கு இவ்வளவுன்னு அரசாங்க வரி தனியா கேப்பாங்க, அதையும் கணக்குல வையுங்க.

2025 பிப்ரவரில ஆயிரக்கணக்குல அதிர்வு வந்து நெறைய ஜனங்க தீவ விட்டே போனாங்க, உண்மைதான். மார்ச்ல அடங்கிடுச்சு, அந்த வருஷ சீசனும் நடந்துச்சு. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ செய்தி பாத்துக்கோங்க, அது போதும்.

சைவத்துக்குக் கவலையே படாதீங்க. ஃபாவான்னு கேளுங்க, மஞ்சப் பருப்ப மசிச்சு ஆலிவ் எண்ணெய், வெங்காயம் போட்டுத் தருவாங்க, அம்மாவுக்கு ரொம்பப் புடிக்கும். ஹோர்த்தா வேகவச்ச கீரை, பிரியாம் அடுப்புல சுட்ட காய்கறி, கிகாந்தெஸ் பெரிய பீன்ஸ். தக்காளிக்குள்ள சோறு வச்சது, திராட்சை இலைல சுருட்டினது ரெண்டுத்துலயும் சில கடைல கறி கலப்பாங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க.

மைன்நதிக்கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, மூணு மூணா பிரிச்சுக்கறோம். ஏதென்ஸ்லேர்ந்து ஃபெரி எப்படி? அம்மாவுக்கு கப்பல் ஆட்டம் ஒத்துக்குமான்னு பயமா இருக்கு.

தீவுப்பித்தன்:
வேகப் படகு வேணாம், ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸ்லேர்ந்து காலைல கெளம்பற பெரிய கப்பல்ல போங்க, நக்சோஸுக்கு அஞ்சு அஞ்சரை மணி நேரம். மெல்தெமி காத்து ஜூலை ஆகஸ்ட்லதான் உச்சம், செப்டம்பர் கடைசில கொறஞ்சிடும், ஆனாலும் காத்து ஏறினா மொதல்ல நிறுத்தறது வேகப் படகுங்களத்தான். அங்கேர்ந்து சாண்டோரினி ரெண்டு மணி நேரம் போல. திரும்ப ஏதென்ஸ் வராதீங்க, சீசன்ல சாண்டோரினிலேர்ந்தே ஜெர்மனிக்கு நேரடி பிளைட் இருக்கும், அத மொதல்ல புக் பண்ணிட்டு மிச்சத்த அதுக்கேத்த மாதிரி போடுங்க. கப்பல்ல அம்மாவ நடுவுல உக்கார வைங்க, ஆட்டம் அங்கதான் கம்மி, கெளம்பறதுக்கு முன்னாடி லேசா ஏதாவது சாப்பிடக் குடுங்க.